கிளை கழிக்க நீண்ட தகடு எதற்கு?

நத்தம் பகுதியில் மாம்பழப் பருவம் முடிந்ததும் தோப்புகளில் கவாத்து வேலை தொடங்குகிறது. ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் வட்டாரங்களில் காய்ப்பு ஓய்ந்த முருங்கையைத் தரையிலிருந்து 3 அடி உயரத்தில் வெட்டி மறுதாம்புக்கு விடுகிறார்கள். குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரி நிலங்களில் சீமைக் கருவேலத்தின் முட்கிளைகளைக் கழித்த பின்பே அடிமரத்தை அணுக முடிகிறது. சின்னாளபட்டியில் நெசவாளர் வீட்டு ஓட்டுக் கூரையின்மேல் சாய்ந்த வேப்பங்கிளையை ஐப்பசி மழைக்கு முன் அகற்றியாக வேண்டும். இவை யாவும் பெரும்பாலும் கிளை கழிக்கும் வேலைகளே. பெருமரம் வீழ்த்தும் வேலைகள் அல்ல. இந்த வேற்றுமையை மனத்திற் கொள்ளாமலே நம் சங்கங்களும் அங்கத்தினரும் சங்கிலி ரம்பம் வாங்குகின்றனர் என்பதே இக்கட்டுரையின் முறையீடு.

நம் பக்கத்துக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பெட்ரோல் ரம்பங்கள் பெரும்பாலும் 52 அல்லது 58 சி.சி. எஞ்சினும், 18 முதல் 22 அங்குலம் வரை நீளமுள்ள தகடும் உடையவை. தகடு என்பது சங்கிலி சுற்றியோடும் எஃகுப் பட்டை. பட்டறைகளில் அதனைப் ‘பார்’ என்பர். நீண்ட தகடு எல்லா வேலைக்கும் உதவும், குட்டையான தகடு சில வேலைக்கே உதவும் என்று நிர்வாகக் குழுவினர் எண்ணுவது இயற்கை. வாடகைப் பதிவேடுகளைப் பார்வையிடும் பணியில் இருப்பவன் என்ற முறையில் நான் சொல்லக் கூடியது ஒன்று உண்டு: பெரிய ரம்பம் முதலாண்டில் பல கைகளுக்குப் போகிறது, பிறகு ஓர் அங்கத்தினர் அதனைத் தூக்கிப் பார்த்துவிட்டு அரிவாளே போதும் என்று திரும்பிப் போகிறார். வாங்கிய பொருள் மூலையில் கிடக்கிறது. தேய்மானச் செலவு மட்டும் கணக்கில் ஏறுகிறது. பண நஷ்டத்தோடு முடிந்தால் இதனை இவ்வளவு விரிவாக எழுத வேண்டியதில்லை. உடலுக்கும் உயிருக்கும் நேரக்கூடிய நஷ்டமே பெரிது.

அதன் காரணம் எளிதில் விளங்கக் கூடியது. ஒரு மாங்கிளையின் பருமன் 6 அங்குலம் என்று கொள்வோம். 22 அங்குலத் தகட்டால் அதனை அறுக்கும்போது 16 அங்குலத் தகடு கிளைக்கு அப்பால், இலைகளுக்குள்ளே, அறுப்பவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே மறைந்திருக்கும் வேறொரு கிளையில் தகட்டு நுனியின் மேல் வளைவு பட்டுவிட்டால், ஓடும் சங்கிலி அதனைக் கவ்வுகிறது. அந்த விசை முழுவதும் திரும்பி, தகட்டை மேல்நோக்கியும் அறுப்பவரின் முகத்தை நோக்கியும் எகிறச் செய்கிறது. கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிடும் இந்த எகிறலைக் கையால் தடுக்க இயலாது. அடர்ந்த கிளைகளுக்குள் நடக்கும் வேலையில் நுனி எதன்மேலும் படக்கூடும். ஆகவே அந்த வேலைக்கு, நுனி எங்கே இருக்கிறது என்று கண்ணால் காணத்தக்க தகடே ஏற்றது. 12 அங்குலத் தகடாயின் அதே கிளைக்கு அப்பால் 6 அங்குலமே நீண்டிருக்கும்.

30 முதல் 35 சி.சி. வரையுள்ள சிறிய ரம்பத்தின் எடை, தகடும் சங்கிலியும் நீங்கலாகச் சுமார் 4 கிலோ. இதனுடன் பெரும்பாலும் 14 அல்லது 16 அங்குலத் தகடு வருகிறது. அதை நீக்கி 12 அங்குலத் தகட்டைப் பொருத்தினால் முன்பாரம் குறைகிறது; இயந்திரம் கையில் சமனாக நிற்கிறது; நாள் முழுவதும் வேலை செய்பவரின் தோளும் மணிக்கட்டும் தப்புகின்றன. தகடு குறைந்தால் சங்கிலியின் வேகம் கூடும் என்று சிலர் சொல்கின்றனர், அது சரியன்று. வேகத்தை நிர்ணயிப்பவை எஞ்சினின் சுழற்சியும் பற்சக்கரமும் ஆகும். சங்கிலி உராய்ந்து செல்ல வேண்டிய தூரம் குறைவதால், வீணாகும் விசை சிறிது மிச்சமாகி மரத்தை அறுக்கப் பயன்படுகிறது என்பதே உண்மை.

ஆனால் இந்த மாற்றத்தை மனம் போனபடி செய்துவிட முடியாது. இதனை விளக்க நெசவாளருக்குத் தெரிந்த உவமை ஒன்று போதும். துண்டு நெய்பவர் சேலை அகலத்திற்கு அச்சுக் கட்டுவதில்லை; அச்சைக் குறுக்கினாலும் நூலின் நெம்பருக்கு ஒத்ததாகவே கட்டுகிறார். ரம்பத்திலும் அப்படியே நான்கு பொருத்தங்கள் உண்டு. முதலாவது, தகட்டின் அடிப்பகுதி: திருகாணிகள் நுழையும் பிளவும், எண்ணெய்த் துளையும், சங்கிலியை இறுக்கும் முளைக்கான துளையும் அந்த இயந்திரத்திற்கு உரியனவாக இருக்க வேண்டும். இரண்டாவது, ‘பிட்ச்’ எனப்படும் சங்கிலிக் கண்ணியின் அளவு. அது 3/8 அங்குலமா, 0.325 அங்குலமா என்று பார்த்து, எஞ்சினின் பற்சக்கரத்தோடும் தகட்டு நுனியின் பற்சக்கரத்தோடும் ஒத்துப் போகும்படி எடுக்க வேண்டும். மூன்றாவது, ‘கேஜ்’ எனப்படும் பள்ளத்தின் அகலம். இது சிறிய ரம்பங்களில் 1.1 அல்லது 1.3 மில்லிமீட்டர். நான்காவது, கண்ணிகளின் எண்ணிக்கை. 16 அங்குலத் தகட்டிற்கு 55 அல்லது 56 ஓட்டக் கண்ணிகள் இருந்தால், 12 அங்குலத் தகட்டிற்கு 44 அல்லது 45 இருக்கும். செய்பவரைப் பொறுத்து ஒன்றிரண்டு மாறும். பழைய சங்கிலி புதிய தகட்டிற்கு ஆகாது என்பது இதனால் விளங்கும். இவ்வெண்களைப் பெரும்பாலான தகடுகளின் அடியில் பொறித்திருப்பார்கள். கடைக்குப் போகும்போது பழைய தகட்டையும் சங்கிலியையும் உடன் எடுத்துச் செல்வதே நல்லது. தகடும் சங்கிலியும் சேர்ந்து புதிய இயந்திர விலையில் ஒரு சிறு பங்கே ஆகும்.

இந்தச் சிறு செலவையும் மிச்சப்படுத்த எண்ணி, உள்ள தகட்டையே நடுவில் வெட்டிப் பற்றவைத்துக் கொள்வோர் உண்டு. இதை வன்மையாகக் கண்டிக்க வேண்டும். தகட்டின் விளிம்புகள் சங்கிலியின் உராய்வைத் தாங்குமாறு கடினப்படுத்தப்பட்டவை. பற்றவைக்கும் வெப்பத்தில் அந்தக் கடினம் போய்விடும். பள்ளமும் நேர்கோட்டில் நில்லாது. அத்தகைய தகட்டில் ஓடும் சங்கிலி என்றேனும் ஒரு நாள் தடம் புரளும், அல்லது அறும். அறுந்த சங்கிலி யார்மேல் வந்து விழும் என்று கூறுவதற்கில்லை. இடைஞ்சலாக இருக்கிறது என்று முன்கைக் காப்பைக் கழற்றிவிடுவதும் இத்தகைய குற்றமே. அந்தக் காப்புத்தான் சங்கிலியை நிறுத்தும் பிரேக். தகடு எகிறியவுடன் தானே இயங்கும் பிரேக்கை ஸ்வீடன் நாட்டு ஹஸ்க்வர்னா நிறுவனம் 1973இல் தன் ரம்பங்களில் அமைத்தது. அதனைக் கழற்றி எறிபவர் ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய ஆபத்தை மீண்டும் விலைக்கு வாங்குகிறார்.

சங்கிலியின் பற்களைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் காக்ஸ் என்பவர், மரத்தைத் துளைக்கும் வண்டின் புழு தன் இரு தாடைகளாலும் இடமும் வலமுமாகக் கடித்துச் செல்வதைக் கண்டு, அதே முறையில் அறுக்கும் சங்கிலியை உருவாக்கி 1947இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று உலகெங்கும் ஓடும் சங்கிலிகள் அந்த முறையைத் தழுவியவையே. இந்தப் பல் கூராக இருக்கும்வரை மரம் செதில் செதிலாக வரும். மழுங்கினால் மாவாக வரும். மாவாக வந்தால் அறுப்பவர் இயந்திரத்தை அழுத்தத் தொடங்குகிறார். அழுத்தும் கை எந்நேரமும் வழுக்கக் கூடும். சிறிய ரம்பத்தின் 3/8 அங்குலச் சங்கிலிக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரமும், 0.325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மில்லிமீட்டர் அரமும் வேண்டும். அரம் பிடிப்பதில் திண்டுக்கல்லுக்குப் பிறர் பாடம் சொல்ல வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கையால் அராவிப் பூட்டும் சாவியும் செய்த ஊர் இது. திண்டுக்கல் பூட்டிற்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வேலை குறைந்து வாடும் பூட்டுத் தொழிலாளருக்குச் சங்கிலி தீட்டும் பணியை நம் சங்கங்கள் முறையாக அளிக்கலாமே! ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் தேவையை மற்றொரு கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர் நிறைவேற்றுவதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறென்ன?

குட்டைத் தகடு ஆபத்தைக் குறைக்கும், நீக்கிவிடாது. தகடு குட்டையாகும்போது அதன் நுனி அறுப்பவரின் உடலுக்கு நெருங்கி வருகிறது என்பதையும் மறக்கலாகாது. இயந்திரம் இலேசாக இருக்கிறது என்று ஒற்றைக் கையால் பிடிப்பதும், தோளுக்கு மேலே தூக்கி அறுப்பதும், ஏணியில் நின்றுகொண்டு அறுப்பதும் எந்த நீளத் தகட்டிற்கும் ஆகாத செயல்கள். கைக்கு எட்டாத கிளைக்கு நீண்ட கழியில் பொருத்திய ரம்பம் இருக்கிறது. மணிக்கட்டுப் பருமனுள்ள கிளைக்குக் கைரம்பமோ, இப்போது பரவலாகக் கிடைக்கும் சிறிய மின்கல ரம்பமோ போதும். பருத்த கிளையாயின் முதலில் அடிப்புறத்தில் சிறிது அறுத்து, பிறகு சற்று வெளியே தள்ளி மேலிருந்து அறுத்துப் பாரத்தைக் கீழே விட்டு, கடைசியில் எஞ்சிய முளையைக் கிளையின் கழுத்தோரம் நறுக்க வேண்டும். இம்முறையில் பட்டை உரிந்து மரம் புண்படுவதில்லை. அரிவாள் வெட்டில் பிளந்த கிளையின் வழியே நோயும் கறையானும் புகுந்து மாமரம் கெடுவதைக் கண்டவர்களுக்கு இதன் பயனை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இதற்கு ஓர் ஆட்சேபம் வரும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தின் அருகே கரையேறி, நம் மாவட்டத்தின் வழியாகவும் சென்றது. கொடைக்கானல் சாலைகளில் மரங்கள் வேரோடு சாய்ந்தன. அத்தகைய வேளையில் 12 அங்குலத் தகடு என்ன செய்யும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பெரிய ரம்பமே வேண்டாம் என்பது என் வாதமன்று. மாவட்டத்தில் சில சங்கங்களில் பெரியவை இருக்கட்டும். அவற்றைப் பழகியவர்களே இயக்கட்டும். என்றோ வரும் புயலுக்காக வாங்கிய கருவியை அன்றாடக் கவாத்து வேலைக்குக் கொடுத்தனுப்புவதே தவறு. சாய்ந்த மரத்திலும் முதலில் கழிக்க வேண்டியவை கிளைகளே. அங்கும் சிறிய ரம்பத்திற்கே வேலை மிகுதி.

இனி, இதனை அங்கத்தினர் தனித்தனியே ஏன் செய்துகொள்ளக் கூடாது என்பதைப் பார்ப்போம். சிறு தோப்பு உடையவருக்கு ஆண்டில் ஐந்து நாள் வேலை இருக்கலாம். அதற்காக இயந்திரம் வாங்கினால் மீதி 360 நாளும் அது துருப்பிடிக்கும். பெட்ரோலில் எண்ணெய் கலக்க மறந்தால் ஒரே நாளில் எஞ்சின் இறுகிவிடும். சங்கிலிக்குக் கழிவு எஞ்சின் எண்ணெயை ஊற்றினால் பம்பு அடைபடும், மண்ணும் மாசுபடும். தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பு, காலுறை ஆகியவற்றை ஐந்து நாள் வேலைக்காக எந்தக் குடியானவரும் வாங்கமாட்டார். ஆனால் சங்கம் வாங்கினால் ஒரே தொகுதி ஐம்பது பேருக்குப் பயன்படும். வேளாண் கருவிகளை வாடகைக்கு விடும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இதனைத் தங்கள் பணிகளுள் ஒன்றாகக் கொள்வதற்குத் தடை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே என் யோசனைகள் இவை. இரண்டு சிறிய ரம்பங்களை, உரிய 12 அங்குலத் தகட்டோடும் இரண்டிரண்டு உபரிச் சங்கிலிகளோடும் சங்கம் வைத்திருக்க வேண்டும். ஊரிலிருந்து இருவரைத் தேர்ந்து பயிற்சி அளித்து, இயந்திரத்தை அவர்களோடு சேர்த்தே வாடகைக்கு அனுப்ப வேண்டும். பாதுகாப்பு உடைகளுக்குத் தனி வாடகை வசூலிக்கலாகாது. வசூலித்தால் அவற்றை விட்டுவிட்டு இயந்திரத்தை மட்டும் கேட்பார்கள். ரம்பம் வெளியே போகும்போதும் திரும்பும்போதும் பிரேக், சங்கிலியின் இறுக்கம், பற்களின் கூர்மை ஆகிய மூன்றையும் சோதித்துப் பதிவேட்டில் ஒப்பமிட வேண்டும். வேலை செய்பவர்களை விபத்துக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும். மலைப்பகுதி நிலங்களுக்குச் செல்லும்போது 1955ஆம் ஆண்டு மலைப் பகுதிகள் மரப் பாதுகாப்புச் சட்டத்தை நினைவிற் கொண்டு, அனுமதி பெற்ற பின்பே மரத்தில் கை வைக்க வேண்டும். கருவி சிறியதாகிவிட்டதால் சட்டம் சிறியதாகிவிடாது.

மாம்பழப் பருவம் முடிவதற்குள் நிர்வாகக் குழுக்கள் இதனைப் பரிசீலித்து, ஏற்கெனவே வாங்கிய இயந்திரங்களின் தகட்டு நீளத்தை ஒருமுறை அளந்து பார்க்கட்டும். அவற்றின் உற்பத்தியாளர் எந்த நீளம் வரை குட்டைத் தகட்டை அனுமதிக்கின்றனர் என்பது கையேட்டில் இருக்கும். மாற்றக் கூடியவற்றை மாற்றி, வெட்டிப் பற்றவைத்த தகடு ஏதேனும் இருந்தால் அதனை அன்றே இரும்புக் கடைக்குப் போட்டுவிடுவது நலம்.