ஊரை எழுதினால் ஊருக்கு ஏன் கோபம்?

எல்லா ஊரிலும் "அவன் ஒரு மாதிரி" என்று சொல்லப்படுகிற ரெண்டு மூணு பேர் இருப்பார்கள். வாழப்பாடி பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் நின்றாலே கண்ணில் படுவார்கள். ஊர் சிரித்துவிட்டுப் போய்விடும், எழுதுகிறவன் மட்டும் நின்று பார்ப்பான். பார்ப்பதோடு விட்டால் தொல்லையில்லை, அதை அச்சில் போடும்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இதற்குப் பெருமாள்முருகனை விட்டால் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். அவருடைய அப்பா அங்கே ஒரு தியேட்டரில் சோடாக்கடை நடத்தியவர். அந்தக் கடையிலிருந்து பார்த்த உலகம்தான் 'நிழல்முற்றம்' (1993). இடைவேளையில் சோடாவும் முறுக்கும் விற்கிற பையன்கள், படப்பெட்டியோடு வருகிற ஆள், தியேட்டரிலேயே தூங்கி எழுகிறவர்கள்... ஊர்ப்பெருமை பேசுகிற எந்த மேடையிலும் இவர்கள் பெயர் வராது. நாவலில் வந்தார்கள். அதற்கு யாரும் கோபப்படவும் இல்லை. பொடிப்பசங்கதானே!

கோபம் வந்தது 'மாதொருபாக'னுக்கு. 2010-ல் வெளிவந்த நாவல். வெள்ளைக்காரன் காலத்துத் திருச்செங்கோடு, குழந்தை இல்லாத காளியும் பொன்னாவும், மலை உச்சியில் குழந்தை வரம் வேண்டிச் சுற்றுகிற வறடிக்கல், தேர்த்திருவிழாவின் பதினாலாம் நாள் இரவு பற்றிய வாய்வழி வழக்கு. நல்லுப்பையன் சித்தப்பா என்று ஒருவர் வருவார். கல்யாணம் கிடையாது, குடுமியை வெட்டிக்கொள்வார், ஊர்க்கூட்டத்தையே கேலி பேசுவார். நாவலில் ரொம்ப நல்ல பாத்திரம் அவர்தான். ஊர் பைத்தியம் என்று நினைக்கிற ஆள்தான் காளியிடம் பிள்ளை இல்லாவிட்டால் என்ன என்று நியாயமாகப் பேசுகிறவர்.

நாலு வருடம் சும்மா இருந்த புத்தகத்தை 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எரித்தார்கள். கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் கலெக்டர் அலுவலகத்தில் ஒரு 'சமாதானக் கூட்டம்'. அங்கே எழுத்தாளர் நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று ஃபேஸ்புக்கில் அறிவித்தார்.

ஊர்க்காரர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது, அதை மறைக்க வேண்டாம். சாமி கொடுத்த பிள்ளை என்று பேர் வாங்கிய குடும்பங்களை நாளைக்கு யாராவது கிண்டலடித்தால்? வலிக்கத்தான் செய்யும். உயிரோடு இருக்கிற ஒருவருடைய வீட்டு விஷயத்தைப் பெயரோடு எழுதினால் தட்டிக் கேட்கலாம், தப்பே இல்லை. ஆனால் ஒரு ஊரின் பழைய பேச்சு எந்தச் சாதிக்கும் எந்தக் கமிட்டிக்கும் பட்டா போட்டுக் கொடுத்த சொத்து இல்லை. பிடிக்கவில்லை என்றால் மறுத்து எழுதலாம். ஒரு வாத்தியாரை அறைக்குள் உட்கார வைத்துக் கையெழுத்து வாங்குவதற்குப் பெயர் மறுப்பு அல்ல.

ஜேம்ஸ் ஜாய்ஸுக்கும் இதே கதைதான். டப்ளின்காரர்களைப் பற்றிய அவருடைய சிறுகதைத் தொகுப்பு 1905-ல் முதன்முதலாகப் பதிப்பாளரிடம் போய், 1914-ல்தான் வெளிவந்தது. கடைகள், மதுக்கடைகளின் நிஜப் பெயர்கள் இருக்கின்றன என்பதும் பதிப்பாளர்களின் பயங்களில் ஒன்று. 1912-ல் அச்சடித்த தாள்களையே அழித்துவிட்டார்கள். இன்றைக்கு அதே டப்ளினில் ஜூன் 16 வந்தால் ஜாய்ஸ் பெயரால் ஊரே கொண்டாடுகிறது. (சுற்றுலா வருமானம் வேறு!)

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அந்தச் சமாதான ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டது. அவர் திரும்ப எழுத வந்தார். வந்ததும் எழுதிய நாவல் 'பூனாச்சி', ஒரு வெள்ளாட்டின் கதை! மனிதர்களை எழுதப் பயம், தெய்வங்களை எழுத அதைவிடப் பயம், மாட்டையும் பன்றியையும் தொடவே கூடாது, மிஞ்சியது ஆடுதான் என்கிற மாதிரி அதன் முன்னுரை போகும். படிக்கும்போது சிரிப்பு வரும், அடுத்த நிமிடமே ஒரு மாதிரி இருக்கும். திருச்செங்கோட்டின் சந்துபொந்தெல்லாம் தெரிந்தவர், கொங்கு வட்டாரச் சொற்களைத் தேடித்தேடி அகராதியே போட்டவர் (கரிசலுக்குக் கி.ரா. செய்ததைப் போல), கடைசியில் ஆட்டிடம் ஒதுங்க வேண்டியிருக்கிறது. இதில் நஷ்டம் யாருக்கு?

வாழப்பாடி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ராமமூர்த்தி என்ற அரசியல்வாதியின் பெயர்தான் ஞாபகம் வரும். பாக்குக் களத்தில் நாளெல்லாம் உட்கார்ந்து பாக்கு உரிக்கிற பெண்கள், மரவள்ளிக்கிழங்கு லோடோடு சேகோ ஃபேக்டரி வாசலில் காத்துக் கிடக்கிற டிரைவர்கள், பேளூர்க் கோயிலைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிற கிழவர்கள், அப்புறம் அந்தப் பஸ் ஸ்டாண்ட் ஆட்கள். எல்லோரையும் ஊர்ப் பெயரோடு, அவர்கள் பேச்சு மாறாமல் எழுதலாம். சட்டம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. ஊர் கொடுக்குமா?