டெலீட் என்றால் நீக்குவதா, அழிப்பதா?

போன மாதம் வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். பட்டியலைப் புரட்டிவிட்டு, "ஐயா, அம்மா பேரை டெலீட் பண்ணிடலாமா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். என் மனைவி காலமாகி எட்டு மாதம் ஆகிறது. அதற்கான படிவம் 7-ஐ நான்தான் நிரப்பித் தரவேண்டும். ஆனாலும் அந்தச் சொல் மனதை என்னவோ செய்தது.

"நீக்கிடுங்கம்மா" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதானே ஐயா?"

ஒன்றில்லை என்பது என் கட்சி.

நான் பிரெஞ்சில் படித்தவன். ஆங்கிலம் அரசு வேலைக்கு வந்தபின் அகராதியை வைத்துக்கொண்டு கற்றது. அதனால் ஓர் ஆங்கிலச் சொல்லைக் கேட்டால், பிரெஞ்சில் அதற்குச் சொந்தக்காரர் யார் என்று மனம் தேடும். டெலீட்டுக்கு மூலம் 'தெலேரே' என்ற லத்தீன் வினை. துடைத்து அழிப்பது என்று பொருள். அன்றாடப் பிரெஞ்சில் இந்த வினை இல்லை. பாரிசிலிருந்து தம்பி மகன் கொண்டுவந்த மடிக்கணினியில் டெலீட் விசைமேல், 'சுப்ரிமே' என்பதன் சுருக்கமாக 'சுப்ர்' என்றுதான் இருந்தது. ரப்பரால் அழிப்பது 'எஃபசே'. வரியைக் கோடு போட்டு அடிப்பது 'ரெய்யே'. செயலுக்குத் தக்கபடி சொல்லும் மாறும்.

எங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான். பதிவேட்டில் பிழை வந்தால் ஒரே ஒரு கோடு. மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம். அடித்த எழுத்து படிக்கும்படி இருக்கவேண்டும். பிளேடால் சுரண்டினால் மெமோ நிச்சயம். பிரெஞ்சு சிவில் சட்டமும் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளில் அடித்தல் திருத்தல்களை ஒப்புக்கொண்டு கையெழுத்திடச் சொன்னது. அதாவது, பிழையைக்கூட நாங்கள் நீக்கினோமே தவிர அழித்ததில்லை.

தமிழில் இந்த வேறுபாடு இன்னும் அழகு. 'நீக்கு' என்பதற்கு ஜோடி 'நீங்கு'. ஊரை நீங்கினார் என்றால், அவர் இந்த ஊரில் இல்லை, அவ்வளவுதான். அவர் இருந்ததே இல்லை என்று ஆகிவிடாது. அழிப்பது அப்படியல்ல; அது தடத்தையே இல்லாமல் செய்வது. ஆகவே பட்டியலிலிருந்து எடுத்தால் நீக்கம், தடமே போனால் அழிப்பு என்று நாம் பிரித்துச் சொல்லவேண்டும். எல்லாவற்றுக்கும் டெலீட் என்று ஒரே சொல்லைப் போட்டால், தேவையில்லாத குறுஞ்செய்தியும் ஐம்பது வருஷம் கூட வாழ்ந்தவளும் ஒன்றாகிவிடுகிறார்கள்.

ஒரு வேடிக்கை. ஓட்டுப் போட்டதும் விரலில் வைக்கிறார்களே, அந்த மைக்கும் இதே வேர்தான். ஆங்கிலத்தில் 'இன்டெலிபிள்', பிரெஞ்சில் 'அந்தெலெபில்'. இரண்டுக்கும் அழிக்கமுடியாதது என்று பொருள். 1962 பொதுத் தேர்தல் முதல் நம் நாட்டில் புழங்குகிறது. சில்வர் நைட்ரேட் கலந்த மை. நகம் வளர வளர, சில வாரங்களில் அதுவும் போய்விடும். என் மனைவிக்கோ அத்தனை நாள் பொறுமை கிடையாது. ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்துக்கொண்டே, "இது எப்பங்க போகும்?" என்று கேட்பாள்.

படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அந்தப் பெண் தன் நோட்டில், அவள் பெயருக்கு நேராக, 'நீக்கம்' என்று தமிழில் எழுதிக்கொண்டார்.

எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். சரிதானம்மா என்றேன்.