கொல்லையில் ஒரு குட்டி வீடு

கலிபோர்னியாவில் வயதான அம்மாவுக்காகக் கொல்லையில் குட்டி வீடு, அதாவது துணைவீடு, கட்ட நினைத்தவர்களை நெடுங்காலம் மடக்கியவை நகராட்சி விதிகள்தான்.

2020 ஜனவரியில் புதிய மாநிலச் சட்டத்தால் நிலைமை மாறியது. மனைப் பரப்பில் எவ்வளவு கட்டலாம் என்ற விகிதத்தைக் காட்டி 800 சதுர அடித் துணைவீட்டை இனி மறுக்க முடியாது. பக்கத்திலும் பின்னாலும் 4 அடி விட்டால் போதும். துணைவீட்டின் பரப்புக்கான உள்ளூர் உச்சவரம்பும் 850 சதுர அடிக்குக் கீழே இறங்கக் கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட படுக்கையறை இருந்தால் 1,000.

நல்ல சட்டம்தான். ஆனால் கட்டணத்தில் ஒரு கோணல்.

750 சதுர அடிக்குள் முடித்தால் வளர்ச்சிக் கட்டணம் கிடையாது. அதைத் தாண்டினால், பிரதான வீட்டின் பரப்போடு ஒப்பிட்டு விகிதப்படி வசூல். 800 சதுர அடித் துணைவீட்டுக்கு, 3,200 சதுர அடி மாளிகைக்காரர் பிரதான வீட்டுக்கான கட்டணத்தில் கால் பங்கு கட்டுவார். 1,600 சதுர அடி வீட்டுக்காரர் பாதி கட்ட வேண்டும். சின்ன வீட்டுக்காரருக்குப் பெரிய சீட்டு! துணைவீட்டின் பரப்பை மட்டும் பார்த்துக் கட்டணம் விதிப்பதே நியாயம்.