போர்ச் கட்ட பக்கத்து வீட்டுக்கு ஏன் நோட்டீஸ்?

"நம்ம நிலம், நம்ம காசு. இதுல பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன வேலை?" அமெரிக்காவின் நியூஜெர்சியில் சொந்த வீடு வாங்கிய தமிழர்கள், வாசலில் ஒரு போர்ச், பின்பக்கம் ஒரு மர டெக் போட நினைக்கும்போது எழும் கேள்வி இது.

சாலையிலிருந்தும் பக்கத்து எல்லையிலிருந்தும் வீடு எத்தனை அடி தள்ளி இருக்க வேண்டும் என்பதை உள்ளூர் நிர்வாகத்தின் ‘சோனிங்’ விதி சொல்கிறது. போர்ச் அந்த இடைவெளிக்குள் நீண்டால் ‘வேரியன்ஸ்’ எனும் விதிவிலக்கு கேட்க வேண்டும். 1975ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி, உள்ளூர் வாரியம் அதை விசாரித்து முடிவெடுக்கும். விசாரணைக்கு குறைந்தது 10 நாட்களுக்கு முன், 200 அடிக்குள் சொத்து வைத்திருப்போருக்கு விண்ணப்பதாரர் நோட்டீஸ் தர வேண்டும்.

பலர் சறுக்குவது விசாரணையில்தான். "அம்மாவுக்கு மூட்டுவலி, வாசல்ல உட்கார ஒரு இடம் வேணும்" என்பது நியாயமான ஆசை. ஆனால் ‘சிரமம்’ என்று வாரியம் பார்ப்பது ஆளின் சிரமத்தை அல்ல, நிலத்தின் சிரமத்தை. மனை குறுகலா, ஆழம் குறைவா, கோணலா, சரிவா? இவை இல்லையென்றால், கட்டுவதால் ஊருக்கும் சேர்த்து வரும் நன்மை பாதிப்பைவிட கணிசமாக அதிகம் எனக் காட்ட வேண்டும். எந்த வழியில் கேட்டாலும், பொதுநலனுக்குப் பெரிய பாதிப்பு இருக்கக் கூடாது.

இரக்கமற்ற விதி போலத் தெரியலாம். ஆனால் இதுதான் சரி. விதிவிலக்கு ஆளுக்கு அல்ல, நிலத்துக்குக் கிடைக்கிறது. அம்மாவுக்காகக் கட்டிய போர்ச், வீட்டை விற்ற பிறகும் அங்கேயே இருக்கும். பக்கத்து ஜன்னலுக்கு வரும் வெளிச்சம் குறைந்தால், அதுவும் அப்படியே தொடரும். நிலத்தோடு நிற்கப் போகும் அனுமதிக்கு, காரணமும் நிலத்திலேயே இருக்க வேண்டாமா? அந்த ஜன்னலுக்குச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பது எப்படித் தொல்லையாகும்?

"முதல்ல கட்டிடுவோம், அப்புறம் பார்த்துக்கலாம்" என்பது இங்கே ஆபத்து. தானே வரவழைத்துக்கொண்ட சிரமத்தை வாரியம் சிரமமாக ஏற்காது. கட்டியதை இடிக்கவும் நேரலாம்.

நல்ல வழி, நோட்டீஸ் போவதற்கு முன்பே வரைபடத்தோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது. "மழைத்தண்ணி எங்க பக்கம் வருமா?" என்ற கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டால், விசாரணை அறையில் ஒரு எதிர்ப்பு குறையும். இரண்டடி குறைத்துக் கட்டினால் போதும் என்று தெரிந்தால், விதிவிலக்கே தேவைப்படாமலும் போகலாம்.