பதக்கமா, பழைய இரும்பா?

ஈப்போ நகரத்துப் பழம்பொருட் சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் கண்ணில் படாமற் போகாது. அரிக்கன் விளக்குகளுக்கும், பித்தளைச் செம்புகளுக்கும், பால்மரத் தோட்டத்து மங்குகளுக்கும் நடுவே பழைய யுத்தப் பதக்கங்களும், காக்கி உடுப்பணிந்து நிற்கும் மனிதர்களின் புகைப்படங்களும் விலைக்குக் கிடப்பதுண்டு. வாங்குகின்றவர்கள் கனவான்கள், விற்கின்றவர்கள் வியாபாரிகள், விற்கப்படுகின்றவர்களிலோ நம்முடைய பாட்டன்மார்களும் இருக்கின்றார்கள்.

பழம்பொருள் சேகரிப்பதை நாம் குற்றமென்று சொல்ல வரவில்லை. சேகரிப்பவர் இல்லாவிட்டால் இவற்றிற் பாதி என்றோ ஈயத்தோடும் பித்தளையோடும் உருகிப் போயிருக்கும் என்பதை நாம் ஒப்புக்கொள்ளுகிறோம். நமது ஆட்சேபணை வேறு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் போய் எண்ணெய்ப்பனை வந்து, லயங்கள் இடிபட்ட காலத்தில், அங்கிருந்து பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் போனவர்கள் கனமான தகரப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அவை பழைய இரும்பு வாங்குகின்றவனிடம் நிறுவைக்குப் போயின. பெட்டிக்குள் இருந்த குடும்பப் படங்களில் உடுப்பணிந்தவன் படம் மட்டும் தனியே பிய்க்கப்படுகின்றது. பக்கத்தில் நின்ற மனைவி, மடியிலிருந்த பிள்ளை, பின்னால் எழுதியிருந்த ஊர், பெயர் எல்லாம் குப்பைக்குப் போகின்றன. மிஞ்சுவது “காக்கி உடுப்பு, பழசு, நல்ல நிலையில்” என்ற மூன்று வார்த்தைகள்தாம். பெயருள்ள மனிதனை இப்படிப் பெயரில்லாத சரக்காக்குவதைத்தான் நாம் எதிர்க்கின்றோம்.

இதற்கு நம்மவர்களிலேயே ஒரு சாரார் சமாதானம் சொல்லுகின்றார்கள். “வெள்ளைக்காரன் கொடுத்த அடிமைச் சின்னம்தானே, போனால் என்ன?” என்பது அவர்கள் கட்சி. கேட்பதற்கு இது சுயமரியாதை போலத்தான் இருக்கின்றது. ஆனால் அடிமைத்தனம் எப்படி நடத்தப்பட்டது என்பதற்கு அந்தச் சின்னத்தைவிடச் சிறந்த சாட்சி வேறு எங்கே இருக்கின்றது? 1914 முதல் 1918 வரை நடந்த யுத்தத்துக்காகக் கொடுக்கப்பட்ட பிரிட்டிஷ் யுத்தப் பதக்கம் ஒன்றுதான். ராஜா தலையும் ஒன்றுதான். துப்பாக்கி தூக்கியவனுக்கு அதை வெள்ளியில் அடித்தார்கள். இந்தியத் தொழிலாளர் படையிலும் சீனத் தொழிலாளர் படையிலும் மண் வெட்டி மூட்டை சுமந்தவனுக்கு வெண்கலத்தில் அடித்தார்கள். இறந்தவன் இறந்தவன்தான், உலோகம் மட்டும் வேறு. இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினால் நூறு பிரசங்கங்கள் செய்ய முடியாத வேலையை அது செய்யும். அதைக் கிலோவுக்குப் போட்டுவிட்டு ஏகாதிபத்தியத்தைப் பற்றி மேடையில் முழங்குவதில் என்ன பிரயோசனம்?

பேராக்கின் சரித்திரத்தையே எடுத்துக்கொள்ளுவோம். 1873 இல் லாரூட் ஈயச் சுரங்கங்களின் கலகத்தை அடக்குவதற்குக் காப்டன் ஸ்பீடி என்பவர் இந்தியாவிலிருந்து பஞ்சாபியரையும் பட்டாணியரையும் திரட்டிக்கொண்டு வந்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் பேராக் சீக்கியப் படை. 1896 இல் அது மலாய் நாடுகளின் ‘கைட்ஸ்’ படையாகித் தைப்பிங்கைத் தலைமையிடமாகக் கொண்டு 1919 வரை இருந்தது. ஆகையால் அக்காலத்துப் பேராக் படைப் படங்களில் தலைப்பாகை கட்டிய சீக்கியரைத்தான் காண்கின்றோம். அதில் தமிழனுக்கு ஏன் இடமில்லை? போர் செய்யப் பிறந்த சாதி, போருக்கு உதவாத சாதி என்று வெள்ளைக்காரன் ஒரு புது மனுதர்மம் எழுதி வைத்திருந்தான். சென்னைப் படையைக் கொண்டே இந்தியாவில் கால் ஊன்றியவன், பிற்பாடு அதே சென்னைச் சிப்பாயை இரண்டாந்தரமென்று தள்ளினான். 1920களின் இறுதிக்குள் சென்னை ரெஜிமெண்டே கலைக்கப்பட்டுவிட்டது. இரண்டாவது உலக யுத்தத்தில் ஆள் பற்றாக்குறை வந்தபோதுதான் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். பிறப்பினால் தகுதி பிரிக்கும் அயோக்கியத்தனம் நம் நாட்டுப் பண்டிதர்களுக்கு மட்டும் சொந்தமானதன்று.

அந்தச் சட்டத்தைக் கிழித்துப் போட்ட சாட்சிகளில் ஒன்றுதான் 1943 ஆம் வருஷத்துப் புகைப்படம். அவ்வருஷம் ஜூலை மாதத்தில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றபோது, அதுவரை “பால்வெட்டுக் கூலி” என்று மட்டும் அழைக்கப்பட்டவர்கள் தோட்டம் தோட்டமாக வந்து சேர்ந்தார்கள். காப்டன் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் பெண்களே துப்பாக்கி பிடித்து அணிவகுத்தார்கள். ஈப்போவில் பிறந்த இராசம்மா பூபாலன் அவர்களில் ஒருவர். கங்காணிக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கக் கூடாதென்று வளர்க்கப்பட்ட ஒரு பெண், தொப்பியும் காக்கிச் சட்டையுமாகக் காமராவை நேராகப் பார்த்து நிற்கும் படத்தின் விலை என்னவென்று எந்த வியாபாரி நிர்ணயிக்க முடியும்? அந்த அரசியலில் ஜப்பானியனின் சுயநலம் எவ்வளவு கலந்திருந்தது என்பது தனியே பேச வேண்டிய விஷயம், பேசத்தான் வேண்டும். ஆனால் படத்தில் நிற்பவள் நின்றது நிஜம்.

1945 ஜூலையில் சிங்கப்பூர்க் கடற்கரையில் இப்படைக்கு எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்தைத் திரும்பி வந்த பிரிட்டிஷார் அவ்வருஷம் செப்டம்பர் மாதத்திலேயே இடித்துத் தள்ளினார்கள். கல்லை அவர்கள் இடித்தார்கள். காகிதத்தை நாம் விற்கின்றோம்.

இன்னொரு பக்கத்துக் கூத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. உடுப்பணிந்த படம் ஒன்று வீட்டில் அகப்பட்டுவிட்டால் போதும், தாத்தா உடனே நேதாஜியின் வலக்கையாகிவிடுகின்றார். அதற்குச் சட்டம் போட்டு, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் அப்பி, ஊதுபத்திப் புகையில் முகம் மறையும் வரை பூஜை நடக்கின்றது. ரயில்வேயில் வேலை பார்த்தவரும் உடுப்பணிந்தார்; தபால்காரரும் அணிந்தார்; காவலரும் அணிந்தார். 1946, 1947 ஆம் வருஷங்களில் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கெடா தோட்டங்களில் ஹார்வர்டு தோட்டத்து ஏ. எம். சாமி போன்றோர் நடத்திய தொண்டர் படையும் உடுப்பணிந்து அணிவகுத்தது. வெள்ளைக்காரன் நடத்திய வாலண்டியர் படையையும் தமிழில் தொண்டர் படை என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பத்துக்குக் கேட்க வேண்டுமா? கள்ளை ஒழிக்க நின்ற ஒருவரைச் சிப்பாயாக்குவதால் அவருக்குப் பெருமை கூடிவிடுமென்று நினைப்பது, உண்மையில் அவருடைய பெருமையைத் திருடுவதாகும். தொப்பியின் சின்னம், பொத்தான், தோள்பட்டைத் துணி, படத்தின் பின்னாலுள்ள ஸ்டூடியோ முத்திரை ஆகியவற்றைப் பார்த்த பிறகல்லவா பேச வேண்டும்? பாயும் புலியும் ஜெர்மன் எழுத்தும் உள்ள கைச்சின்னம் ஜெர்மனியில் போஸ் திரட்டிய படையினுடையது. அதைக் காட்டி இது பேராக் தோட்டத்திலிருந்து வந்ததென்று ஒருவர் சொன்னால் பணத்தை மடியில் பத்திரமாக முடிந்துகொள்ள வேண்டியதுதான். ஆசாத் ஹிந்து பதக்கங்களும் அப்படியே. அவை வியன்னா நகரத்துப் பட்டறையில் அடிக்கப்பட்டவை; யுத்தத்துக்குப் பின் அடிக்கப்பட்டவையும் சந்தையில் ஏராளம்.

நம் தோட்டத்துப் பெட்டிகளில் கிடைக்கக்கூடியவை வேறு. 1939-45 யுத்தத்தின் ஆறுமுனை வெண்கல நட்சத்திரங்களில், 1941 டிசம்பர் முதல் மலாயாவில் போரிட்டவனுக்குப் பசிபிக் நட்சத்திரம் கிடைத்தது. 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை கம்பாரில் நடந்த போரில் நின்ற இந்தியச் சிப்பாய்களும் அதற்கு உரியவர்களே. பிரிட்டிஷ் படையினருக்குக் கொடுத்த இந்த நட்சத்திரங்களில் பெயர் பொறிக்கவில்லை. ஆகவே பெட்டியை விட்டுப் பிரிந்தால் அவை ஊமையாகிவிடும். ஊதா நாடாவின் நடுவே பச்சைக் கோடு ஓட, “மலாயா” என்ற பட்டை தாங்கிய பதக்கமோ 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலத்துக்குரியது. அதன் விளிம்பில் எண்ணும் பதவியும் பெயரும் பொறித்திருக்கும். அந்த விளிம்பைத்தான் சில மகானுபாவர்கள் பளபளப்புக்காகத் தேய்க்கின்றார்கள்! பெயரை அராவி எடுத்து வேறு பெயர் பொறிக்கின்ற மோசடியும் உண்டு; அப்படிச் செய்த பதக்கம் விட்டத்தில் மயிரிழை குறையும். அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

அவசரகாலம் பிறந்ததே நமது சுங்கை சிப்புட்டில், 1948 ஜூன் 16 இல், மூன்று தோட்டத் துரைமார்கள் கொல்லப்பட்ட அன்று. அதன் பிறகு தமிழரில் சிலர் அரசாங்கத்தின் உடுப்பணிந்து தோட்டம் காத்தார்கள். இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவரென்று அறியப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியோ 1949 மே 4 இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இரண்டு சாராரும் நம்மவர்களே. ஒரு கட்சியின் படத்தை மாட்டி மறு கட்சியின் படத்தை எரித்துவிட்டால் சரித்திரம் நமக்கு அனுகூலமாகிவிடாது.

கடைசியாக, எந்தச் சந்தையிலும் விலை போகாத படம் ஒன்று இருக்கின்றது. 1942, 1943 ஆம் வருஷங்களில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பானியர் மலாயாவிலிருந்து பல்லாயிரம் பேரைக் கொண்டுபோனார்கள். அவர்களிற் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். அதே பாதையில் மாண்ட வெள்ளைக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் வெட்டிய கற்கள் இருக்கின்றன. வாந்திபேதியில் மாண்டு கும்பலாகப் புதைக்கப்பட்ட நம்மவர்களுக்கு உடுப்பில்லை, எண்ணில்லை, பதக்கமில்லை, பெயர் வெட்டிய கல்லுமில்லை. மிஞ்சியிருப்பது கலியாணத்துக்கோ திருவிழாவுக்கோ பட்டணத்து ஸ்டூடியோவில் வேட்டி கட்டி எடுத்துக்கொண்ட ஒரு படம், அதுவும் சிலருக்குத்தான். உடுப்பில்லாத அந்தப் படத்தைச் சேகரிப்பவர் தொடமாட்டார், வியாபாரி வீசியெறிந்துவிடுவார்.

ஆகையால் நாம் கேட்பது அதிகமில்லை. பேராக்கிலுள்ள தமிழ்ப் பள்ளிகளும் படிப்பகங்களும் சங்கங்களும், மாலைக்கும் பொன்னாடைக்கும் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, வீடுவீடாகப் போய் இப்படங்களை முன்பக்கமும் பின்பக்கமும் பிரதி எடுக்கட்டும். சயாமுக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்கே வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர்களைக் கேட்டு, பெயர், தோட்டம், தகப்பன் பெயர் ஆகியவற்றை மையால் எழுதாமல் மெல்லிய பென்சிலால் பின்புறத்தில் குறிக்கட்டும். சாதியை எழுதச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் மறுத்துவிடட்டும். ஒரு பிரதியைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கட்டும். சேகரிக்கும் கனவான்களோ விலை பேசுவதற்கு முன், “இது எந்தத் தோட்டத்துப் பெட்டியிலிருந்து வந்தது? கூட இருந்த மற்றப் படங்கள் எங்கே?” என்ற இரண்டு கேள்விகளைக் கேட்கட்டும். பதில் சொல்லாத வியாபாரியிடம் வாங்காமல் திரும்பி வரட்டும். பத்துப் பேர் அப்படித் திரும்பினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மற்றப் படங்களும் சந்தைக்கு வந்துவிடும்.