மீண்டும் ஓட்டினால் பிழை போய்விடுமா?

2025 அக்டோபர் 20, தீபாவளி நாள். சிங்கப்பூர், மலேசிய நேரப்படி பிற்பகல் 2.48 மணியளவில், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள அமேசான் நிறுவனத்தின் மேகக் கணினிச் சேவையில் கோளாறு தொடங்கியது. ஸ்னாப்சாட், ரோப்ளாக்ஸ், ஃபோர்ட்நைட், டுவோலிங்கோ, கேன்வா என இளையர்கள் அன்றாடம் பயன்படுத்தும் பல செயலிகள் தடுமாறின. எல்லாம் முழுமையாகச் சீராக அரை நாளுக்கும் மேலானது.

காரணம் இணையத் தாக்குதல் அன்று. அமேசானின் ‘டைனமோடிபி’ தரவுத்தளத்தின் இணைய முகவரிகளைத் தானியங்கி நிரல்கள் புதுப்பித்து வந்தன. ஒரே வேலையைச் செய்யும் அந்த நிரல்களுள் ஒன்று அன்று வழக்கத்தைவிட மிக மெதுவாக ஓடியது. மற்றொன்று புதிய முகவரிப் பட்டியலைப் பதிவேற்றி, பழையவற்றை நீக்கத் தொடங்கியது. அந்த வேளையில் பின்தங்கிய நிரல் தன்னிடமிருந்த பழைய பட்டியலைப் புதியதன்மேல் எழுதியது. பழைய பட்டியல் என்பதால் அதுவும் நீக்கப்பட்டது. முகவரி இருக்க வேண்டிய இடம் காலியானது. பொறியாளர்கள் நேரடியாகத் தலையிட்டே அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

நிரல்கள் வழக்கமான வேகத்தில் ஓடியபோதெல்லாம் இந்தப் பிழை வெளியே தெரியவில்லை. எது முந்துகிறது, எது பிந்துகிறது என்பதைப் பொறுத்து மட்டுமே தலைகாட்டும் இத்தகைய பிழையை மென்பொருள் துறையில் ‘ரேஸ் கண்டிஷன்’ என்பர்.

இதே வகைப் பிழையைச் சிறிய அளவில் கணினித் துறை மாணவர்கள் பலர் சந்தித்திருப்பர். அதற்கு அவர்கள் கண்ட தீர்வு பெரும்பாலும் ஒரே ஒரு பொத்தானாக இருந்திருக்கும்: ‘மீண்டும் ஓட்டு’.

நேற்றுப் பச்சை, இன்று சிவப்பு

குழுவாக மென்பொருள் எழுதும் இடங்களில், ஒருவர் நிரலில் சிறு மாற்றம் செய்தாலும் தானியங்கிச் சோதனைகள் உடனே ஓடும். இதற்குத் தொடர் ஒருங்கிணைப்பு, சுருக்கமாக ‘சிஐ’ என்று பெயர். எல்லாச் சோதனைகளும் வென்றால் பச்சை விளக்கு. ஒன்று தோற்றாலும் சிவப்பு.

சில சோதனைகள் நிரலில் எந்த மாற்றமும் இல்லாமலேயே ஒரு முறை வெல்லும், மறுமுறை தோற்கும். இவை ‘ஃபிளேக்கி’ சோதனைகள் எனப்படும். அவற்றில் அடிக்கடி காணப்படுவது ‘டைம்அவுட்’. வலையமைப்பில் ஒரு கேள்வி அனுப்பப்பட்டு, குறித்த நேரத்துக்குள் பதில் வராததால் சோதனை கைவிடப்பட்டது என்பதே அதன் பொருள்.

இது தொடக்கநிலை மாணவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் அன்று. கூகல் நிறுவனம் 2016ல் வெளியிட்ட தகவலின்படி, அங்கு ஓடிய சோதனைகளில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு இவ்வாறு நிலையற்ற முடிவைத் தந்தன. அதன் சோதனைகளில் ஏறத்தாழ 16 விழுக்காட்டில் ஓரளவேனும் இந்தக் குறை இருந்தது.

1.5 விழுக்காடு என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு திட்டத்தில் 100 சோதனைகள் உள்ளன. ஒவ்வொன்றும் நூற்றில் ஒரு முறை மட்டும் காரணமின்றித் தோற்கிறது என வைத்துக்கொள்வோம். எல்லாம் ஒருசேர வெல்லும் வாய்ப்பு 0.99ஐ 100 முறை பெருக்கினால் வரும் எண்: சுமார் 37 விழுக்காடு. அதாவது, நிரல் சரியாக இருந்தாலும் மூன்றில் இரண்டு முறை சிவப்பு விளக்கு எரியும். அடிக்கடி பொய்யாக அலறும் தீயணைப்பு மணியை யார் மதிப்பார்கள்?

பொத்தானின் விலை

மீண்டும் ஓட்டுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் இடத்தில் ஒரு டைம்அவுட்டுக்காக எல்லாரும் காத்திருக்க முடியாது. நிலையற்றது என்று அறியப்பட்ட சோதனை தொடர்ந்து மூன்று முறை தோற்றால் மட்டுமே அதைத் தோல்வியாகக் கருதும் முறையைக் கூகலும் பயன்படுத்தியது.

ஆனால் அதன் விலையையும் கணக்கிட வேண்டும். நூற்றில் ஒரு முறை தோற்கும் சோதனை, அடுத்தடுத்து மூன்று முறை தோற்க மில்லியனில் ஒரு வாய்ப்பே உண்டு. அந்தத் தோல்விக்குக் காரணம் சோதனையில் இல்லாமல் செயலியிலேயே இருந்தால் என்ன ஆகும்? சிஐ ஏறக்குறைய எப்போதும் பச்சை காட்டும். கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர்களில் நூற்றில் ஒருவருக்குத் திரை உறைந்து நிற்கும். பணம் போனதா இல்லையா என்று தெரியாமல் தவிக்கும் அவருக்கு நம்மிடமுள்ள பொத்தான் கிடையாது.

மீண்டும் ஓட்டும்போது இன்னோர் இழப்பும் ஏற்படுகிறது. பிழை எந்த நேரத்தில், எந்தக் கணினியில், எந்தச் சோதனைக்குப் பிறகு வந்தது என்ற தடயங்களை யாரும் பார்ப்பதில்லை. பச்சை விளக்கு எரிந்ததும் சிவப்பின் பதிவேடு மறக்கப்படுகிறது.

வட்ட ரயில் பாதை தந்த பாடம்

தடயங்களைச் சேர்த்து வைத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சிங்கப்பூரிலேயே சிறந்த எடுத்துக்காட்டு இருக்கிறது.

2016 ஆகஸ்ட் இறுதியிலும் பின்னர் நவம்பர் தொடக்கத்திலும், வட்ட ரயில் பாதையில் ரயில்கள் திடீர் திடீரென நின்றன. ஓட்டுநர் இல்லாத அந்த ரயில்கள் சமிக்ஞைத் தொடர்பை இழந்தால், பாதுகாப்பு கருதி அவசர பிரேக் தானாகவே செயல்படும். ஒரு வகையில் இதுவும் டைம்அவுட்தான். சற்று நேரத்தில் தொடர்பு திரும்பிவிடும். என்ன காரணம் என்று மட்டும் தெரியவில்லை.

எஸ்எம்ஆர்டி ஊழியர்கள் ரயில்களின் பதிவேடுகளிலிருந்து ஒவ்வொரு சம்பவத்தின் நேரம், இடம், ரயில் எண், திசை ஆகியவற்றைத் தொகுத்திருந்தனர். அந்தத் தரவு அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பின் தரவு ஆய்வாளர்களிடம் வந்தது. நேரத்தை மட்டும் பார்த்தபோது விடை கிடைக்கவில்லை. சம்பவங்கள் நாள் முழுவதும் பரவியிருந்தன. இடத்தையோ ரயில் எண்ணையோ மட்டும் பார்த்தபோதும் அப்படியே.

நேரம், இடம், திசை மூன்றையும் ஒரே வரைபடத்தில் வைத்தபோது ஒரு கோலம் தெரிந்தது. ஒரு ரயில் நின்ற சிறிது நேரத்தில் அடுத்த ரயில், பிறகு அதற்கடுத்தது எனச் சம்பவங்கள் வரிசையாக நகர்ந்தன. எதிர்த்திசையில் செல்லும் ஏதோ ஒரு ரயில், தான் கடந்துபோகும் ரயில்களின் தொடர்பைத் துண்டிக்கிறதோ என்ற ஐயம் எழுந்தது. அந்த ரயிலுக்குச் சிக்கலே ஏற்படாமல் இருக்கலாம் என்பதால், பாதிக்கப்பட்ட ரயில்களை மட்டும் ஆராய்ந்தால் அது அகப்படாது.

அந்த நேரங்களில் எந்த ரயில் எங்கே இருந்தது என்று ஒப்பிட்டபோது, ‘பிவி46’ என்ற ரயில் சிக்கியது. நவம்பர் 6ஆம் தேதி அதை வேண்டுமென்றே பாதையில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். அருகிலிருந்த ரயில்கள் தொடர்பை இழந்தன. ஐயம் உறுதியானது.

சிஐ பிழைகளை ஆராய்வோருக்கு இதில் மூன்று பாடங்கள் உள்ளன. ஒவ்வொரு தோல்வியையும் பதிந்து வைக்க வேண்டும். பல கூறுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கருத்து தோன்றியதும், பிழையை வேண்டுமென்றே வரவழைத்து அதை நிரூபிக்க வேண்டும்.

எங்கே தேடுவது?

வலையமைப்பு டைம்அவுட்டைப் பார்த்ததும் பலர் ‘இணையம் மெதுவாக இருந்தது’ என்று முடிவு செய்கிறார்கள். இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014ல் 51 அப்பாச்சி மென்பொருள் திட்டங்களில் செய்யப்பட்ட திருத்தங்களை ஆராய்ந்தபோது, வகைப்படுத்த முடிந்தவற்றில் பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றுக்கு ஒரே காரணம் இருந்தது: சோதனை, ஒரு வேலை முடியும்வரை முறையாகக் காத்திருக்கவில்லை.

எடுத்துக்காட்டாக, சர்வரைத் தொடங்கிவிட்டு ‘இரண்டு வினாடி பொறு’ என்று எழுதுகிறோம். நம் மடிக்கணினியில் ஒரு வினாடியில் அது தயாராகிவிடும். பலர் பகிர்ந்துகொள்ளும் சிஐ கணினியில் நெரிசல் இருந்தால் மூன்று வினாடி ஆகலாம். வினாடியை எண்ணாமல், சர்வர் தயாரா என்று சிறு இடைவெளிகளில் கேட்டுப் பார்ப்பதே சரியான திருத்தம்.

வேறு காரணங்களும் உண்டு. ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு சோதனைகள் ஒரே போர்ட் எண்ணைப் பிடிக்க முயலலாம். முந்தைய சோதனை மூடாமல் விட்ட இணைப்புகள், அடுத்த சோதனைக்கு இடமில்லாமல் செய்யலாம். ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற பெயர் ஒரு கணினியில் ஐபிவி4 முகவரியையும் இன்னொன்றில் ஐபிவி6 முகவரியையும் தரலாம். சோதனை வெளியிலுள்ள உண்மையான இணையச் சேவையை நாடினால், அதன் தாமதமும் நம் கணக்கில் சேரும்.

ஆகவே டைம்அவுட்டைப் பிரித்துப் பாருங்கள். பெயருக்கு முகவரி தேடியபோது தாமதமா, இணைப்பு ஏற்படுத்தியபோதா, இணைந்த பிறகு பதிலுக்குக் காத்திருந்தபோதா? மூன்றுக்கும் தனித்தனியே நேரத்தைப் பதிந்தால், தேட வேண்டிய இடம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கும்.

அடுத்து, பிழையைக் கூப்பிடுங்கள். அந்த ஒரு சோதனையை மட்டும் நூறு முறை ஓட்டுங்கள். லினக்ஸ் கணினியில் வலையமைப்பைச் செயற்கையாகத் தாமதப்படுத்தும் வசதி இருக்கிறது. அதைக் கொண்டு 200 மில்லிவினாடி தாமதத்தைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

திருத்திய பிறகு எத்தனை முறை ஓட்டினால் நம்பலாம்? 20 முறைக்கு ஒரு முறை தோற்ற சோதனை என்றால், திருத்தமே செய்யாவிட்டாலும் அடுத்த 20 ஓட்டங்களும் வெல்ல 36 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அந்த வாய்ப்பை 5 விழுக்காட்டுக்குக் கீழே இறக்க 59 வெற்றிகள் தொடர்ந்து வேண்டும். பள்ளியில் படிக்கும் நிகழ்தகவு இங்கே நேரடியாகப் பயன்படுகிறது.

இளையர்கள் ஏன் பொருட்படுத்த வேண்டும்?

நிரல் எழுதும் வேலையின் ஒரு பகுதியைச் செயற்கை நுண்ணறிவு எடுத்துக்கொண்டுவிட்டது. ‘இந்தச் சோதனையை வெல்ல வை’ என்று அதனிடம் கேட்டால், டைம்அவுட்டை 5 வினாடியிலிருந்து 30 ஆக உயர்த்தி அது பச்சை விளக்கைத் தந்துவிடலாம். பிழை அங்கேயே இருக்கும். அந்த விடையை ஏற்பதா, ஏன் 5 வினாடி போதவில்லை என்று கேட்பதா என்பதை முடிவு செய்வது மனிதரின் வேலை.

வேலைப் பயிற்சிக்குச் செல்லும் மாணவருக்குப் பெரிய அமைப்பை வடிவமைக்கும் வாய்ப்பு உடனே கிடைக்காது. ஆனால் குழுவில் எல்லாரும் பழகிப்போன ஒரு சிவப்பு விளக்கு அங்கே இருக்கக்கூடும். காலக்கெடு நெருங்கும்போது அதை மீண்டும் ஓட்டிக் கடந்து செல்வதில் தவறில்லை. கடந்து செல்லும் முன், தேதி, நேரம், கணினி, பிழைச் செய்தி ஆகியவற்றை ஒரு பட்டியலில் குறித்துவையுங்கள். அதற்கு ஒருவரைப் பொறுப்பாக்கி, சரிசெய்ய ஒரு நாளையும் குறியுங்கள். பத்துப் பதிவுகள் சேர்ந்ததும் அவற்றைப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாருங்கள். பிவி46 ரயிலைப் பிடிக்க உதவியதும், யாரோ பொறுமையாகத் தொகுத்து வைத்த அப்படியொரு பட்டியல்தான்.