இரும்புக்கும் ஒரு பேரேடு வேண்டும்

யார் எவ்வளவு தர வேண்டும், எந்தக் காசோலை எந்தத் திகதிக்கு, களஞ்சியத்தில் எத்தனை மூட்டை இருக்கிறது என்றெல்லாம் கொப்பியைத் திறக்காமலே சொல்லக்கூடிய வர்த்தகர்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். ஆனால் அரிசி ஆலை நடத்தும் ஒருவரிடம் "உங்கள் பொயிலரின் தகடு இன்று எத்தனை மில்லிமீற்றர் தடிப்பு?" என்று கேட்டுப் பாருங்கள். "என்ஜினியர் வந்து பார்த்தார், சேர்டிபிகட் இருக்கிறது" என்பதுதான் பதிலாக வரும். இரும்புச் சாமான் விற்றே வயது ஐம்பதைத் தாண்டிவிட்ட எனக்கு இந்தப் பதில் போதுமானதாகத் தெரியவில்லை.

கறள் என்பது ஒவ்வொரு நாளும் நடக்கும் நட்டம். கடையில் சரக்குக் குறைந்தால் கண்ணுக்குத் தெரியும். குழாயின் உட்பக்கம் கரைவது தெரியாது. வெளியே பெயின்ற் பளபளவென்று இருக்கும்.

இதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், நாளொன்றுக்கு 3 இலட்சத்து 35 ஆயிரம் பீப்பாய் எண்ணெய் சுத்திகரிக்கக் கூடிய ஒரு நிலையம் இருந்தது. 2019 ஜூன் 21 அதிகாலையில் அங்கே ஒரு குழாயின் எல்போ உடைந்து, வாயு வெளியேறித் தீப்பிடித்தது. அடுத்தடுத்து வெடிப்புகள். சுமார் 17 தொன் எடையுள்ள ஓர் இரும்புத் துண்டு ஆற்றைத் தாண்டி மறுகரையில் போய் விழுந்தது. உயிரிழப்பு ஏற்படாதது பெரிய விடயம். ஆனால் ஏற்கனவே கடன் நெருக்கடியில் இருந்த அந்தக் கம்பனி, ஒரு மாதத்துக்குள் வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது. ஆயிரம் பேரளவில் வேலை இழந்தார்கள். நிலையம் மீண்டும் இயங்கவே இல்லை.

அமெரிக்க இரசாயனப் பாதுகாப்புச் சபை இதை விசாரித்தது. உடைந்த எல்போ 1973 அளவில் பொருத்தப்பட்டது. தடிப்பு 4.6 மில்லிமீற்றருக்கு வந்ததுமே மாற்றியிருக்க வேண்டிய அந்தத் துண்டு, உடைந்தபோது வெறும் 0.3 மில்லிமீற்றராகத் தேய்ந்திருந்தது. அதன் உருக்கில் நிக்கலும் செம்பும் கூடுதலாக இருந்தன. அப்படிப்பட்ட உருக்கை, அங்கே பாவித்த அமிலம் வேகமாக அரிக்கும். அதே குழாய் வழியில் வேறு இடங்களை அளந்து குறித்து வைத்திருந்தார்கள். இந்த எல்போவை மட்டும் ஒருநாளும் அளக்கவில்லை.

இது தனிச் சம்பவம் அல்ல. 2012 ஆகஸ்ட் 6இல் கலிபோர்னியாவின் ரிச்மண்ட் நகரில் இன்னொரு சுத்திகரிப்பு நிலையம் தீப்பிடித்தது. அங்கும் அளந்த இடங்கள் ஒருபுறம், சிலிக்கன் குறைந்த உருக்கால் ஆன, அளக்காத துண்டு மறுபுறம். உடைந்தது அளக்காத துண்டுதான். புகையால் பாதிக்கப்பட்டு ஏறத்தாழ 15 ஆயிரம் பேர் வைத்தியம் தேடிப் போனார்கள்.

இரண்டு இடத்திலும் அளவுகளும் அறிக்கைகளும் இருந்தன. அவை ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக இருக்கவில்லை என்பதே குறை. பத்துக் கடன்காரரின் பாக்கியை ஒரே தொகையாக எழுதி வைத்தால், யார் ஓடப்போகிறார் என்று எப்படித் தெரியும்? இரும்புக் கணக்கும் அப்படித்தான்.

ஆகவே, ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் இலக்கமும் ஒரு பக்கமும் இருக்க வேண்டும் என்பது எனது கருத்து. என்ன உலோகம், எப்போது பொருத்தியது, எந்த இடத்தில் அளந்தது, எந்தத் திகதியில், எத்தனை மில்லிமீற்றர், அளந்தவர் யார் என்பவை அதில் இருக்க வேண்டும். அளந்த இடத்தில் பெயின்றால் ஓர் அடையாளம் இடுங்கள். அடுத்த முறையும் அதே இடத்தைத்தான் அளக்க வேண்டும். பொயிலருக்குப் போகும் தண்ணீரை மாற்றினால் அதையும் திகதியுடன் எழுதுங்கள். தண்ணீர் மாறினால் அரிக்கும் வேகமும் மாறும்.

மிச்சம் சாதாரணக் கணக்கு. 2015இல் 10 மி.மீ. இருந்த தகடு 2025இல் 8 மி.மீ. என்றால், வருடத்துக்கு 0.2 மி.மீ. நட்டம். ஆகக் குறைந்தது 6 மி.மீ. வேண்டும் என்று என்ஜினியர் சொன்னால், இதே வேகத்தில் இன்னும் 10 வருடம் தாங்கும். அதற்காகப் பத்தாவது வருடம் வரை காத்திருக்க முடியாது. மிச்ச ஆயுளில் பாதி கழியுமுன் மீண்டும் அளப்பது இத்தொழிலில் உள்ளவர்களின் வழமை.

"எல்லாவற்றையும் அளக்கக் காசு எங்கே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் ஒரே மாதிரி அளக்கத் தேவையில்லை. இரண்டு கேள்வி கேளுங்கள்: இது உடைய எவ்வளவு வாய்ப்பு? உடைந்தால் யாருக்கு என்ன ஆகும்? முற்றத்துத் தண்ணீர்க் குழாய் உடைந்தால் நிலம் நனையும். ஆட்கள் வேலை செய்யும் இடத்தில் பொயிலரோ காற்றுத் தாங்கியோ வெடித்தால் ஜனாஸாதான். இரண்டு கேள்விக்கும் கெட்ட பதில் வருவதற்கே முதலில் காசைச் செலவிடுங்கள். பெரிய கம்பனிகள் ஆபத்தின் அடிப்படையில் பரிசோதிப்பது என்று சொல்வது இதைத்தான்.

1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி பொயிலரைப் பரிசோதிப்பது கட்டாயம். அந்தச் சேர்டிபிகட் அவசியம்தான். ஆனால் அது பரிசோதித்த நாளின் நிலையைச் சொல்லும். வருடா வருடம் எவ்வளவு தேய்கிறது என்பதை உங்கள் கொப்பிதான் சொல்லும்.

இன்னொரு விடயம். குழாயும் தகடும் வாங்கும்போது, அதில் என்ன உலோகம் எவ்வளவு என்று ஆலை கொடுக்கும் தாளைக் கேட்டு வாங்குங்கள். நான் கண்டவரை, வாங்குபவர்களில் பெரும்பாலானோர் விலையை மட்டுமே கேட்கிறார்கள். தாளைக் கொடுத்தாலும் பில்லோடு சேர்த்துக் கசக்கி எறிந்துவிடுகிறார்கள். ஐம்பது வருடம் கழித்து அந்தத் துண்டு என்ன உலோகம் என்று சொல்ல அந்தத் தாள் ஒரு சாட்சியாக இருக்கும்.

இதற்கு கொம்பியூட்டர் வேண்டும் என்றில்லை. ஒரு சீ.ஆர். கொப்பியும், எழுதும் பொறுப்பை ஏற்கும் ஓர் ஆளும் போதும். அடுத்த முறை என்ஜினியர் வரும்போது "எல்லாம் சரியா?" என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடாதீர்கள். எந்த இடத்தில் எத்தனை மில்லிமீற்றர் என்று கேட்டு, அவர் கையொப்பத்துடன் எழுதி வாங்குங்கள்.